அகன்ற முனை

சாக்கைப் பிரித்து முன்னால் வைத்துவிட்டு, "இது என்ன சாமானெண்டு சொல்லும் பாப்பம்" என்றார் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சிவகுருநாதன். வேலாயுத ஆசாரி வலது கையை நீட்டி வாங்கினார். பெரியவர்கள் கொடுத்தால் வலது கை, தனியாக இருந்தால் இடது கை. நாற்பத்திரண்டு வயதுவரை இப்படித்தான் ஒப்பேற்றிக்கொண்டு வந்திருந்தார். கிராணி தலை திரும்பியதும் இரும்பு தானாக இடது கைக்கு மாறியது.

முழங்கை நீளம் இருக்கும். களிமண் அப்பி, இரண்டு முனையும் உடைந்து கிடந்தது. ஒரு முனை நாலு விரல் அகலம், மறுமுனை இரண்டு விரல். கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் போகிற பாதையோரம் சதுப்பில் வாய்க்கால் வெட்டினவர்கள் ஆளுயரப் பள்ளத்தில் கண்டெடுத்தார்களாம். கம்பம் என்கிற பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்கள் அதைக் காட்டில் திரியும் மவாஸ் என்கிற பிராணியின் கை எலும்பு என்று சொல்லி ஒதுங்கிப் போனார்கள். நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? முனியாண்டி அரிவாள் என்று சொல்லி எலுமிச்சம்பழம் வாங்க ஆள் அனுப்பிவிட்டார்கள். பழம் வந்து சேர்வதற்குள் துரை வந்து சாக்கில் சுற்றி எடுத்துப் போனார்.

"கோலாலம்பூர் மியூசியத்துக்குப் போற சாமான். எப்பிடிச் செய்தவங்களெண்டு ரெண்டு வரி எழுத வேணும். நீர் இரும்போட பழகிற ஆள். மியூசியக்காரர் வரும்வரைக்கும் உம்மட்டையே இருக்கட்டும்" என்றார் கிராணி.

தோட்டத்துப் பட்டறையில் நான்கு உலை. மூன்றில் சோடி சோடியாக வேலை நடக்கும். ஆசாரி குறட்டால் இரும்பைப் பிடித்துக்கொண்டு சின்னச் சுத்தியலால் இடம் காட்டுவார், எதிரில் நிற்பவன் அதே இடத்தில் சம்மட்டியை இறக்குவான். வேலாயுதம் இடது கைக்காரர். அவர் சுத்தியல் வரும் பக்கத்துக்கே எதிராளியின் சம்மட்டியும் வந்து சேரும். வந்த புதிதில் ஒருவனுடைய விரல் நசுங்கிவிட்டது. அதோடு சரி, நொட்டாங்கை ஆசாரிக்கு எதிரில் எவனும் நிற்கமாட்டான். கடைக்கோடி உலையில் ஆணி, கொக்கி, கடப்பாரை முனை என்று ஒற்றை ஆள் வேலையாகப் பதினோரு வருஷம் ஓடிப்போனது.

சின்ன வயதில் அப்பா அந்தக் கையைத் தூணோடு கட்டிப் போட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்து வாத்தியார் புறங்கையில் பிரம்பால் வெளுத்தார். பெண் பார்க்கப் போன வீட்டில் வெற்றிலைத் தட்டை மறதியாக இடது கையால் வாங்கித் தொலைத்தார், சம்பந்தம் அங்கேயே முறிந்தது. கப்பலேறி வந்தால் இங்கே யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தார். நன்றாகப் பார்த்தார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் சோறு பரிமாற அவரைக் கூப்பிடமாட்டார்கள், திருநீறு அவர் கையால் வாங்கமாட்டார்கள். யாரும் அவரைத் திட்டியதில்லை, அடித்ததில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். சில நாள் காலையில் வாய் திறந்தால் குரலே கட்டிப்போயிருக்கும், முந்தின நாள் பேசவே இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

இரும்பை அவர் நெருப்பில் காட்டவில்லை. தேங்காய் நாரும் எண்ணெயும் வைத்து மூன்று நாள் மெதுவாகத் தேய்த்தார். களிமண்ணுக்குள் காற்றுப் படாமல் கிடந்ததால் துரு மேலோடு நின்றிருந்தது. உடைந்த வாயில் பார்த்தால் பட்டை பட்டையாக ஏடு தெரிந்தது. இதைச் செய்தவன் மெல்லிய பட்டைகளை அடுக்கி, பழுக்கவைத்து, மடித்து மடித்து அடித்திருக்கிறான். அடிப்புறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். அவனுக்கு இரும்புப் பட்டடை கிடையாது, பாறைமேல் வைத்து அடித்திருக்கிறான். அடேயப்பா, பாறைமேல்! மேல்புறத்தில் சுத்தியல் குழிகள். சின்னக் குழியை ஒட்டி ஒவ்வொரு தடவையும் ஒரு பெரிய குழி. அப்படியானால் எதிரில் ஒருவன் நின்று சம்மட்டி அடித்திருக்கிறான்.

சின்னக் குழிகளை விரலால் தடவிக்கொண்டே போனவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சுத்தியல் எந்தக் கையில் இருக்கிறதோ அதைப் பொறுத்துக் குழியின் ஆழம் ஒரு பக்கம் சாயும். ஆனால் பிடிப்பக்கத்தைத்தான் குறட்டால் கவ்வித் தன் பக்கம் வைத்து அடிப்பார்கள், அதனால் பிடி எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தான் அதைப் படிக்க முடியும். அதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அவர் வாழ்நாளில் அடித்த அரிவாள், வெட்டுக்கத்தி எல்லாமே பிடியில் ஒடுங்கி நுனியில் அகலும், இந்த ஊர் மலாய்க்காரர்கள் வைத்திருக்கும் பாராங் கத்தியும் அப்படித்தான். ஒடுங்கின முனையைத் தன் பக்கம் வைத்துப் பார்த்தார். குழிகள் எல்லாம் அவர் அடித்த குழிகள் மாதிரியே சாய்ந்திருந்தன.

"இதைச் செஞ்சவன் நொட்டாங்கைக்காரன்யா!" என்று பட்டறை அதிரக் கத்திவிட்டார். பதினோரு வருஷத்தில் அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. மூன்று உலையும் ஒரு நிமிஷம் நின்றது.

கிராணி வந்து கேட்டார், விளங்கியதோ இல்லையோ, அழகாக இங்கிலீசில் எழுதித் துரையிடம் கையெழுத்து வாங்கி மியூசியத்துக்கு அனுப்பினார். பட்டறையில் கேலி தூள் பறந்தது. "ஆசாரியோட முப்பாட்டன் சதுப்புலேர்ந்து எழுந்து வந்துட்டாருலா!" அவரும் சிரித்தார். மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறக்கும்போது இரும்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த மனிதனும் பெரியவர்கள் முன்னால் கையை மாற்றி மாற்றி நீட்டியிருப்பானோ, அவனுக்கும் பெண் கொடுக்காமல் போனார்களோ என்றெல்லாம் நினைத்துப் பார்ப்பது அவருக்குச் சுகமாக இருந்தது.

அடுத்த வாரம் சம்மட்டிக்கார அய்யாவு அவர் உலைக்கு வந்து நின்றான். அகலமான ஆள், யோசித்து யோசித்துத்தான் பேசுவான். "அண்ணே, அவனுக்கு எதிர்ல ஒருத்தன் நின்னு அடிச்சிருக்கான்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா. பெரிய குழியெல்லாம் அவன் அடிச்சதுதான்."

"பாறைமேல வச்சு அவனுங்களால முடிஞ்சிருக்கு. நாமளும் அடிச்சுப் பாப்போமே. நான் இந்தப் பக்கமா தள்ளி நிக்கிறேன்."

முதல் நாள் இரண்டு தடவை முட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் தாளம் பிடிபட்டது. டிங் என்றால் டொம், டிங் என்றால் டொம். மண்வெட்டி, கோடாலி என்று இரண்டு ஆள் வேலை கோடி உலைக்கு வர ஆரம்பித்தது. வேலைக்கு நடுவே அய்யாவு தன் மகள் காய்ச்சலைப் பற்றிச் சொல்வான், இவர் கேட்பார். ராத்திரி படுக்கும்போது வேலாயுதத்துக்குத் தொண்டை வலித்தது, பேசிப் பேசி வந்த வலி. அந்த வலிக்காக அவர் சந்தோஷப்பட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஆபீஸ் பியூன் இன்னொரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அதே வாய்க்காலில் கிடைத்ததாம். உள்ளங்கை நீளம், நடுவில் ஆணி அடிக்க ஓட்டை. சந்தேகமில்லை, மரப்பிடி மாட்டுகிற வால்தான். வேலாயுதம் அதை ஒடுங்கின முனையில் வைத்துப் பார்த்தார். சேரவில்லை. திருப்பி வைத்தார், சேரவில்லை. மனசு வேண்டாம் வேண்டாம் என்றது. கடைசியில் அகன்ற முனையில் வைத்தார். உடைந்த வாய் இரண்டும் மயிரிழை இடைவெளி இல்லாமல் கவ்விக்கொண்டது.

அரிவாள் இல்லை. பிடியில் அகன்று நுனிக்குப் போகப் போக ஒடுங்குகிற வாள். அவர் தலைகீழாகப் பிடித்துப் படித்திருக்கிறார். சரியாகத் திருப்பிப் பிடித்தால் அத்தனை குழியும் மறுபக்கம் சாய்கிறது. ஊரில் உள்ள எல்லாரையும் போல அவனும் வலது கைக்காரன்.

உலை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. துண்டைக் கரிக்குள் தள்ளினால் முடிந்தது கதை, பியூனுக்குத் துருப்பிடித்த இரும்பெல்லாம் ஒன்றுதான். வேலாயுதம் குறட்டைக் கையில் எடுத்தார், வைத்தார். பிறகு இரண்டு துண்டையும் சாக்கில் சுற்றிக்கொண்டு ஆபீசுக்கு நடந்தார்.

"ஐயா, நான் சொன்னது தப்பு. மாத்தி எழுதணுங்க."

சிவகுருநாதன் கண்ணாடியைக் கழற்றினார். "அது போய் மூண்டு கிழமைக்கு மேலாச்சு. துரை கையெழுத்தும் வைச்சவர். இடது கையோ வலது கையோ, ஆர் காணும் இதைப் பார்க்கப் போகினம்?"

"அவன் சோத்தாங்கைக்காரன் ஐயா."

"செத்து ஆயிரம் வருஷமிருக்கும். அவன் வந்து கேக்கப் போறானோ? உமக்கு அது நல்லதுதானே. விடும்."

நல்லதுதான். வெளியே வந்து மழைமரத்தடியில் நின்றார். பேப்பரில் அவனும் இவரைப் போல, இனி யாரும் மாற்றப்போவதில்லை. இவர் கையை மாற்ற அப்பா பாடுபட்டார், வாத்தியார் பாடுபட்டார், ஊரே பாடுபட்டது. செத்துப்போனவன் கையை, அவன் வாய் திறக்க முடியாத நேரத்தில், இவர் ஒரே சத்தத்தில் மாற்றிவிட்டார். அதற்கும் மேலே, ஆயிரம் வருஷம் பின்னால் போயும் தனக்கு ஒரு ஆள் இல்லை என்று அழுகை வந்தது. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பட்டறையில் அய்யாவு கோடாலி இரும்பைப் பழுக்கவைத்துக் காத்திருந்தான். "புதுத் துண்டு வந்துச்சாமே. என்னாண்ணே சொல்லுது?"

வேலாயுதம் குறட்டால் இரும்பை எடுத்துப் பட்டடைமேல் வைத்தார். சுத்தியல் இடது கையில் இருந்தது.

"அவனும் உங்க எல்லாரையும் மாதிரிதான் அய்யாவு. சோத்தாங்கை. நான் தலைகீழாப் பாத்துட்டேன்."

"அப்ப... நொட்டாங்கைக்கு எதிர்ல எவனும் நின்னதில்லையா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

அய்யாவு சம்மட்டியைத் தரையில் ஊன்றி, காம்பின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நசுங்கின விரலை நினைப்பவன்போல நின்றான். போகவுமில்லை, தூக்கவுமில்லை. வேலாயுதம் எங்கே அடிக்க வேண்டும் என்று சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். பட்டடைமேல் இரும்பு ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது, நடுவில் மட்டும் இன்னும் சிவப்பு இருந்தது.