பச்சைச் சில்லுகள்

ஹெக்டரின் லாண்ட் ரோவர் ஐம்பத்தாறாம் ஆண்டில் செய்தது. அவருடைய மண்டைக்கனம் அதற்கும் மூத்தது என்று மனைவி செலீன் எப்போதோ முடிவுகட்டிவிட்டாள். துறைமுகத்தில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர், யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன தகரப் பெட்டியைக் கொழும்பு, கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் நிறுத்தி நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டிருப்பார். மரக்கறிப் பையைக்கூடக் கையால் தொடமாட்டார். சுமை தூக்கத்தான் பெண்டாட்டி இருக்கிறாளே.

அந்த ஜீப்பின் டயர்கள் தேய்ந்து மொட்டையாகியிருந்தன. வெள்ளிக்கிழமைக்கு முன் மாற்றியாக வேண்டும். செலீனின் தங்கச்சி மகள் றஞ்சிதம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் நான்கு மாதமாகக் கிடந்தாள். கனடா விசா சனிக்கிழமையோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை மத்தியானப் பிளேனை விட்டால் பேசிவைத்த கலியாணமும் போய்விடும். அவளை விமான நிலையத்துக்கு ஜீப்பில் தானே கொண்டுபோய் விடுவதாக ஹெக்டர் சொல்லிவிட்டார்.

"ஒரு வாடகை வான் பிடிச்சு அனுப்புவம்" என்றாள் செலீன்.

"வானில போனா ஒவ்வொரு செக்பொயின்ரிலயும் இறக்குவான். லொட்ஜில இருக்கிற சனத்துக்கு அது பழக்கம். நான் சிங்களம் கதைச்சா என்னை ஆர் மறிப்பான்?" என்றார் ஹெக்டர்.

கிராண்ட்பாஸில் ராசிக்கின் டயர்க் கடைக்கு அவளும் கூடப் போனாள். ராசிக் நல்ல மனிதர். நல்ல டயரைத்தான் முதலில் உருட்டிக்கொண்டு வந்தார்.

"இது ஜப்பான் வான் டயர், மிஸ்டர் ஹெக்டர். ஒங்கட பழைய றிம்முலயே பூட்டலாம். சத்தமும் வராது."

ஹெக்டர் அழுகின மீனைத் தொடுவதுபோல ஒற்றை விரலால் தொட்டார். "பாண் விக்கிற வானுக்குப் போடும்."

அடுத்து வந்தது பளபளக்கும் அலோய் றிம். "இது சண்டியன்மாருக்கு" என்று அதையும் தள்ளினார். பிறகு அவருடைய கண் மூலைக்குப் போனது. தடித்த கட்டை கட்டையான பூ வெட்டிய நான்கு டயர், பச்சை றிம், றிம்மில் வெள்ளை எழுத்தில் இலக்கம்.

"அது ஆமி ஏலத்துல வந்தது. ஏலப் பேப்பர் இன்னம் இரத்மலானை ஆள்ட்டத்தான் ஈக்கிது. பேப்பர் வரட்டும், நான் கறுப்பு பெய்ன்ற் அடிச்சுத் தாரன். அதோட, அது சேத்துக்குப் போடுற டயர். கொட்டாஞ்சேனைல சேறு எங்க ஈக்கிது?"

"பெய்ன்ற் அடிக்கிறதோ? ஒறிஜினல் பச்சை ஐசே. இதைக் கண்டா ஆமிக்காரனே சல்யூட் அடிப்பான்."

ராசிக் செலீனைப் பார்த்தார். செலீன் கூரையைப் பார்த்தாள். கொழும்பில், இந்தச் சண்டைக்காலத்தில், ஒரு தமிழன் தன் சல்லியைக் கொடுத்து இராணுவ இலக்கத்தைத் தன் வண்டியில் பூட்டிக்கொள்கிறான் என்றால், அவனுக்கு என்ன சொல்லி விளங்கப்படுத்துவது?

வெள்ளிக்கிழமை றஞ்சிதம் தன் சூட்கேசைத் தானே தூக்கி ஜீப்பில் ஏற்றினாள். பெரியப்பா கண்ணாடியில் தலை வாரிக்கொண்டிருந்தார். செலீனும் கூட ஏறிக்கொண்டாள். தார் றோட்டில் சில்லுகள் போட்ட இரைச்சலில் பக்கத்திலிருப்பவர் கதைப்பதே கேட்கவில்லை. முதல் சாவடியில் கையைக் காட்டிப் போகவிட்டார்கள்.

"பாத்தீரா?" என்றார் ஹெக்டர்.

களனிப் பாலத்தடியில் நின்ற சிப்பாய் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. சில்லைப் பார்த்தான். குந்தியிருந்து இலக்கத்தை வாசித்தான். ஹெக்டரின் சுத்தமான சிங்களம் அவனிடம் எடுபடவில்லை. ஏலப் பேப்பரைக் கேட்டான். அது இரத்மலானையில் இருந்தது.

"எல்லாரும் இறங்குங்கள். மேலதிகாரி வந்து விசாரிக்கும்வரை யாரும் போக முடியாது. இந்த ஆள் உங்களுக்கு என்ன உறவு?" என்று செலீனிடம் சிங்களத்தில் கேட்டான்.

றஞ்சிதம் வாயைத் திறக்கப் போனாள். செலீன் அவள் தொடையில் கிள்ளினாள்.

"உறவு இல்லை மாத்தயா. வாடகை ஹயருக்குப் பிடிச்ச ஜீப். பிள்ளைக்குப் பிளேனுக்கு நேரமாச்சு" என்று தன் உடைந்த சிங்களத்தில் சொல்லி, றஞ்சிதத்தின் பாஸ்போட், டிக்கெட், பொலிஸ் பதிவு எல்லாவற்றையும் நீட்டினாள்.

சிப்பாய் ஹெக்டர் பக்கம் திரும்பினான். "ஹயர் ஓடுகிறாயா?"

இந்த மனிதர் இப்போதும் தன் பெருமையைத்தான் காப்பாற்றுவார் என்று செலீன் பயந்தாள். ஹெக்டர் அவளைப் பார்த்தார், றஞ்சிதத்தைப் பார்த்தார். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன.

"ஓம் சேர். ஹயர்தான்."

"அப்படியென்றால் என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய்? அந்தப் பெட்டியை இறக்கிக் கொடு."

ஹெக்டர் சூட்கேசை இறக்கி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு றோட்டைக் கடந்து, ஒரு த்ரீவீலில் ஏற்றிவிட்டார். செலீனோடு ஏறிய றஞ்சிதம் அழுதாள். அவர் ஹயர்காரன் மாதிரியே தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனார்.

பொழுதுபடுகிற நேரம் ஹெக்டர் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார். மேலதிகாரி விசாரித்து அவரை விட்டுவிட்டாராம்; சில்லு நான்கையும் கழற்றி எடுத்துவிட்டு, ஜீப்பைப் பாலத்தடியில் கல்லில் நிறுத்திவிட்டார்களாம்.

"பிள்ளை ஏறினதோ?"

"ஏறிட்டுது."

ஹெக்டர் நாற்காலியில் அமர்ந்தார். "ஹயர்காரன் எண்டு சொல்லாம வேற ஒண்டும் வரேல்லையோ உமக்கு?"

"புருசன் எண்டு சொல்லியிருந்தா மூண்டு பேரும் இப்ப அங்கதான்" என்றாள் செலீன். பிறகு மரக்கறிப் பையை எடுத்து அவருடைய மடியில் வைத்தாள். "வெங்காயம் முடிஞ்சுது. போய் வாங்கிக்கொண்டு வாங்கோ."

ஹெக்டர் எழும்பிப் போனார்.