கொட்டிவிட்ட கறுப்பு மணல்

என் அக்கா டவுன் பஸ் ஓட்டுகிறாள். நான் வேலைக்குப் போவது அவள் பஸ்ஸில்தான். வேறு பஸ் இல்லாமல் இல்லை. கண்ணாடியில் அவள் கண் தெரிகிற சீட்டாகப் பார்த்து உட்காருவேன். நான் ஏறக் கதவைத் திறப்பாள், இறங்கத் திறப்பாள். அது அவள் வேலை. ஆறு வருஷமாக எங்களுக்குள் அவ்வளவுதான்.

தப்பு என்னுடையது. அம்மா படுத்த படுக்கையாக இருந்த நாலு வருஷமும் பார்த்துக்கொண்டவள் அக்கா. மாதம் ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டுப் போனவள் நான். அம்மா போன அன்று, சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில், "நீ ஒழுங்கா பாத்திருந்தா அம்மா இருந்திருப்பா" என்று சொன்னவளும் நான்தான். இந்த வாயை வைத்துக்கொண்டு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பாளராக இருக்கிறேன்.

வீட்டுக்குப் போனால் அக்கா உள்ளறைக்குள் போய்விடுவாள். போனை எடுக்க மாட்டாள். அத்தான்தான் அவளுக்குத் தெரியாமல் தகவல் தருவார்.

"உங்கக்கா இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை ஆத்துக்குப் போயிடுறாம்மா. தங்கம் அரிக்கிறாளாம். வீடு முழுக்கக் கூழாங்கல்லு. சிவப்பா ஒண்ணு கிடைச்சதும் மாணிக்கம்னு குதிச்சா. நகைக்கடைக்காரர் பாத்துட்டு, இது கார்னெட்டும்மா, விலை போகாத கல்லு, சும்மா வச்சுக்கோங்கன்னு அனுப்பிட்டாரு."

நானும் போவது என்று முடிவு செய்தேன். "தங்கம் வேணும்னா சொல்லும்மா, பழைய தங்கப்பல்லு ரெண்டு கிடக்கு" என்று எங்கள் பல் டாக்டர் கிண்டலடித்தார்.

பச்சை பிளாஸ்டிக் தட்டு, ரப்பர் பூட்ஸ், விரலளவு கண்ணாடிக் குப்பி எல்லாம் வாங்கினேன். கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார்: "தங்கம் கனம். தண்ணி வேகம் குறையுற இடத்துலதான் உக்காரும். வளைவோட உள்பக்கம், பெரிய கல்லுக்குப் பின்னால தோண்டுங்க." அரிப்பது எப்படி என்று அவர் ஆரம்பித்தபோது, "அதெல்லாம் தெரியும்" என்று கிளம்பிவிட்டேன். முப்பது வருஷமாக அரிசியில் கல் அரிக்கிறவளுக்கு இவர் என்ன சொல்லித்தருவது?

அக்கா ஆற்று வளைவில், கணுக்கால் தண்ணீரில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முப்பதடி தள்ளி நான் இறங்கினேன். ஒருதரம் பார்த்தாள். எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை.

மணலை அள்ளிச் சுழற்றினேன். மேலே பளபளவென்று வந்ததையெல்லாம் தண்ணீரோடு வாளியில் வடித்துக்கொண்டேன். அரிசியில் கல் அடியில் தங்குமே, அதுபோலத் தங்கிய கறுப்பு மணலை ஆற்றில் கொட்டினேன். மூன்று தட்டு இப்படிப் போனது. நாலாவதைக் கொட்டும்போது சத்தம் வந்தது.

"அடியே! அது என்ன அரிசியா? அடியில நிக்கிற கறுப்புலதான்டி தங்கம் இருக்கும்! அதப் போய் கொட்டுறியே!"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் அன்று முழுக்கப் பேச்சில்லை. ஆனால் வாரம் முழுவதும் அந்த "அடியே"யை வைத்துக்கொண்டு நான் ஓட்டினேன். பல் பிடுங்க வந்தவர்களைப் பார்த்துப் பல்லிளித்து, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு ஒழுங்காக அரித்தேன். மேல் மணலை ஆற்றோடு விட்டேன். அடியில் ஒரு ஸ்பூன் கறுப்பு நின்றது. தட்டைச் சாய்த்து மெல்ல ஆட்டினேன். கறுப்பின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு. கடுகில் பாதி இருக்கும். கையால் வெயிலை மறைத்துப் பார்த்தேன். வெறும் மினுக்கு என்றால் நிழலில் மங்கிவிடும்; இது நிழலிலும் அதே மஞ்சள்தான். நானாகக் கண்டெடுத்த முதல் தங்கம்.

அக்கா தலை நிமிரவில்லை. காலையிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. நானோ தனிக்கட்டை. இதைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது?

தொண்டையைச் செருமினேன். அவள் நிமிர்ந்ததும், கறுப்பு மணலை அப்படியே ஆற்றில் கொட்டினேன்.

அவள் கத்தவில்லை. எழுந்து, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு என்னிடம் நடந்து வந்தாள்.

"போன வாரந்தான சொன்னேன்?"

"ஞாபகம் இருக்கு."

"அப்புறம் ஏன் கொட்டின?"

"நீ திட்டுவேன்னுதான் கொட்டினேன். அன்னைக்கு அம்மாவ வச்சு நான் சொன்னது பெரிய தப்புக்கா. உன்ன மாதிரி வேற யாராலயும் பாத்திருக்க முடியாது."

அவள் காலித் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதுல தங்கம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. கடுகுல பாதி."

"லூசு" என்றாள்.

அம்மா போன பிறகு என்னை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். மற்ற எல்லோருக்கும் நான் மேடம்.

"இன்னொரு தடவ சொல்லுக்கா" என்றேன்.