சிப்ஸ் பாக்கெட் நட்சத்திரம்

"எங்க அம்மா உக்கார ஒரு நாற்காலி வேணும், மேடம்."

இப்படி எதையும் கேட்டுவிடாதே என்றுதான் வேலையில் சேர்ந்த அன்றே அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். மகள் அந்தச் சின்னப் பிள்ளைகள் பள்ளியில் டீச்சர். அம்மா அதே பள்ளியில் பன்னிரண்டு வருஷமாகப் பெருக்கித் துடைக்கும் ஆயா. "ஸ்கூல் கேட்டுக்குள்ள நான் உனக்கு யாரும் இல்ல. எனக்காக வாயத் தொறந்து ஒண்ணும் கேக்காத" என்றாள். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவளுக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. வெட்கக்கேடு அதுதான். ஒரு நொடிகூட யோசிக்காமல் தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து பஸ்ஸில் அம்மா முன்வாசலில் ஏறினால் இவள் பின்வாசலில் ஏறுவாள்.

விடுமுறை விழாவுக்கு வீட்டுக் குப்பையிலேயே தோரணம் செய்ய வேண்டும் என்று தலைமையாசிரியை மேடம் சொன்னபோது இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குழந்தை உளவியலைக் கரைத்துக் குடித்தவளுக்குக் கத்தரிக்கோலை நேராகப் பிடிக்கத் தெரியாது. அம்மாதான் கைகொடுத்தாள். சிப்ஸ் பாக்கெட்டுகளைச் சேர்த்து, உட்புறம் வெளியே வரத் திருப்பி, சோப்புத் தண்ணீரில் அலசி, வீட்டுக் கொடியில் துணி மாதிரி காயப்போட்டாள். உள்பக்கம் வெள்ளியாக மின்னியது. அதை மடித்து இரண்டே வெட்டில் நட்சத்திரம் எடுப்பாள். முட்டை அட்டையின் குழிகள் மணிகளாயின.

பெருக்க வரும் சாக்கில் வகுப்புத் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கும் சொல்லித் தந்தாள். தரையில்தான். வகுப்பு நாற்காலியில் ஆயாக்கள் உட்காரக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். "என் நட்சத்திரத்துக்கு நாலு கால்தான் இருக்கு" என்று ஒருத்தி அழுதால், "அது நட்சத்திரம் இல்லடி, மாடு. ஒரு வால ஒட்டிவிடு" என்பாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும்.

நேற்று ஒரு குழந்தையின் அப்பாவை மேடம் வகுப்புக்கு அழைத்து வந்தாள். தோரணமெல்லாம் டீச்சரின் கைவண்ணமா என்று அவர் கேட்க, வாயாடி என்று பேரெடுத்த பிள்ளை முந்திக்கொண்டது. "டீச்சருக்கு வெட்டவே தெரியாது. ஆயாதான் செஞ்சாங்க."

இவள் சிரித்தாள். "ஆயா பெருக்கத்தான் வந்தாங்க."

சொல்லும்போது நாக்கு கூசவில்லை. பாதி மடித்த நட்சத்திரத்தை அம்மா மடியில் செருகிக்கொண்டு எழுந்து துடைப்பத்தை எடுத்தாளே, அப்போதுதான் உடம்பே கூசியது. ஏற்கெனவே பெருக்கிய தரை. மகள் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதென்று அதையே மூலைக்கு மூலை மறுபடி பெருக்கினாள். வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதில் ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம்.

இன்று பெற்றோர் முன்னால் நட்சத்திரம் செய்து காட்ட வேண்டும். ஹால் நிறைந்துவிட்டது. மேடையில் ஒரே நாற்காலி, டீச்சருக்கு. அதனால்தான் மேடத்தின் அறைக்கு வந்து நின்றாள்.

மேடத்துக்குப் புரியவில்லை. "யாரோட அம்மா? வந்தவங்க எல்லாருக்கும் சேர் போட்டாச்சே."

இவள் அறை வாசலைக் காட்டினாள். அங்கே அம்மா ஜிகினாத் தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். "அவங்கதான். தோரணம் முழுக்க அவங்க சொல்லிக் கொடுத்தது. மேடையில அவங்கதான் உக்காரணும்."

மேடம் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆயா, நிஜமா?"

அம்மா நிமிரவில்லை. "டீச்சருக்குத் தூக்கம் பத்தல போல, மேடம். இவ்ளோ படிச்ச பொண்ணு எனக்கு எங்க இருக்கு?"

நேற்று இவள் சொன்னாளே, அதே போலப் பிசிறில்லாமல்.

மேடம் பெருமூச்சு விட்டாள். விழா முடியட்டும், சாவகாசமாகப் பேசலாம், அதுவரை யார் காதிலும் போட வேண்டாம் என்றாள்.

இவள் மேடத்தின் மேஜைக்கு எதிரே கிடந்த நாற்காலியைத் தூக்கினாள். மர நாற்காலி, நல்ல கனம். அம்மா துடைப்பத்தை வாசலுக்குக் குறுக்கே நீட்டினாள்.

"வேணாம்டி. சொன்னாக் கேளு."

மேடம் சட்டென்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சரை எந்த ஆயாவும் அப்படிக் கூப்பிட மாட்டாள்.

இவள் துடைப்பத்தைத் தாண்டி, நாற்காலியோடு ஹாலைப் பார்த்து நடந்தாள்.