மேட்டில் கொட்டிய ஜல்லி

மிதிக்க முடியாதவர்களுக்காக மிதிக்கும் கூட்டம் அது. ஜல்லிப் பாதையில் சைக்கிள் விடுவது திடகாத்திரர்களின் ஏகபோகம் இல்லை என்று சொல்லி, வருடத்துக்கு ஒருமுறை ஊரையே திரட்டிக்கொண்டு ஓட்டுவார்கள். சேரும் நன்கொடையில் கையால் சுற்றும் சைக்கிளும், இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கும் இரட்டை சைக்கிளும் வாங்கிக் கொடுப்பார்கள். இந்த வருட ஓட்டம் அவளுடைய அண்ணன் பெயரில். அண்ணன் இறந்துபோய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

சங்கத்தின் தலைவர் ஒரு பல் டாக்டர். வீடு தேடி வந்து, அவள்தான் கொடியசைத்துத் துவக்கிவைக்க வேண்டும் என்று கேட்டார். அதே பாதையில் வருடக்கணக்காக அண்ணனுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து மிதித்தவள் அவள். கண் தெரியாதே தவிர, கால்களுக்கு ஒரு குறையும் இல்லை. எல்லோரையும் சேர்த்துக்கொள்வதற்கான ஓட்டத்தில், ஏற்கனவே சேர்ந்திருந்த ஒருத்தியை ஓரமாக நிற்கவைக்கிறோமே என்று அந்த நல்ல மனிதருக்குத் தோன்றவே இல்லை.

அவள் சரி என்றாள். அண்ணன் போனதிலிருந்து எதற்கும் சரிதான். காப்பீட்டுக் கம்பெனியில் போன் எடுக்கும் வேலை அவளுக்கு. இறந்தவர்களின் வீட்டாரிடம் 'உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்' என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, சொந்த இழப்புக்கு வருந்த ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது. அழுகை வரவில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது.

அண்ணிதான் குறுக்கே பேசினாள். "கொடி ஆட்டவா இத்தனை வருஷம் மிதிச்சே? முன்னாடி நான் உக்கார்றேன்."

டாக்டர் கையைப் பிசைந்தார். அண்ணி தார் ரோட்டில் வேலைக்குச் சைக்கிளில் போகிறவள், ஜல்லியைத் தொட்டதில்லை. புருஷன் போன பிறகு அவள் இத்தனை வார்த்தை பேசியதே அதிசயம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்: உடம்பு சரியில்லை என்று அவர் ஒரு அடையாளமாவது காட்டினாரா? தன் கடையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாய்ந்து உயிர்விட்ட மனுஷன். எல்லோரும் இல்லை என்றார்கள். நாத்தனாரான அவளும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தாள்.

இரட்டை சைக்கிளில் முன்னால் இருப்பவர் வழியைச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். 'மணல்', 'பள்ளம்', 'ஏறுது' என்று அண்ணனுக்கு வாய் ஓயாது. ஓட்டத்தன்று முன்சீட்டில் இருந்த அண்ணிக்கோ எலும்பெல்லாம் குலுங்கி முடிந்த பிறகுதான் வாய் திறந்தது. "பள்ளம் இருந்துச்சு" என்பாள், பழைய செய்தித்தாளை வாசிப்பதுபோல. வேறொரு நாளாக இருந்தால் பின்சீட்டில் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

தண்ணீர்த் தொட்டி மேடு வந்தது. அண்ணனோடு போன கடைசி நாட்களில் அவள் உயிரை வாங்கிய மேடு. லோடு லோடாகப் புது ஜல்லி கொட்டியிருக்கிறார்கள் என்று அண்ணன் திட்டுவான். கொட்டினவனின் பரம்பரையையே அவளும் சேர்ந்து திட்டியபடி தொடை எரிய மிதிப்பாள். இன்றும் பல்லைக் கடித்துக்கொண்டு தயாரானாள். "ஏறுது" என்றாள் அண்ணி, ஏறி முடிக்கும் தறுவாயில். மேடு அவ்வளவுதான்; தொடை எரியவே இல்லை.

மேலே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த டாக்டரிடம், அந்த ஜல்லியை எப்போது வாரினார்கள் என்று கேட்டாள்.

"எந்த ஜல்லிம்மா? இந்த மேட்டுல யாரும் ஒரு கூடை கூடக் கொட்டினதில்லையே."

இரட்டை சைக்கிளில் இரண்டு பேரின் மிதியும் சேர்ந்தேதான் சுற்றும். ஒருவர் சும்மா கால் வைத்திருந்தாலும் அந்தக் கால் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்; மற்றவருக்குப் பாரம் மட்டும்தான் தெரியும். அண்ணனால் மிதிக்க முடியாமல் போயிருக்கிறது. சொன்னால் தங்கையின் ஓட்டம் நின்றுவிடும் என்று பழியை ஜல்லி மேல் போட்டிருக்கிறான். அடையாளம் காட்டாமல் இல்லை. அவள் கால்களிடம் காட்டியிருக்கிறான். இத்தனை மாதத்தில் முதல்முறையாக அவளுக்குக் கோபம் வந்தது. அண்ணன் மேலா தன் மேலா என்று தெரியவில்லை.

ஜல்லியைப் பற்றி எதற்குக் கேட்டாய் என்றாள் அண்ணி. ஒன்றுமில்லை என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மூடி மறைக்க அந்த வீட்டில் ஒரு ஆள் இருந்தது போதும் என்று பட்டது.

"அண்ணி, கடைசியில இந்த மேட்ட அண்ணன் மிதிக்கல. நான்தான் இழுத்திருக்கேன். பாரமா இருந்துச்சு. ஜல்லின்னு சொன்னான், நம்பிட்டேன்."

அண்ணி சைக்கிளை நிமிர்த்திப் பிடித்தாள். "ஏறிக்கோ" என்றாள்.

பின்சீட்டுக்காரியின் கைப்பிடி, முன்சீட்டைத் தாங்கும் தண்டில்தான் பொருத்தப்பட்டிருக்கும். முன்னால் இருப்பவரின் உடம்பில் நடப்பதெல்லாம் கைக்கு வந்துவிடும். பாதை சமமாக இருந்தும் கைப்பிடி நடுங்கியது. விட்டுவிட்டு நடுங்கியது, அழுகிறவளின் முதுகுபோல. பிறகு பாரம் ஏறியது. அந்தப் பாரத்தை அவள் கால்கள் மறக்கவில்லை.

"ஜல்லி ஜாஸ்தியா இருக்கு," என்றாள் அண்ணி.

"தெரியும் அண்ணி. நீங்க வழிய மட்டும் பாருங்க."

இந்த முறை தெரிந்தே இழுத்தாள்.