லைல் கோர்ட்னி வீட்டுப் பனிநிலை

லைல் கோர்ட்னியின் சமையலறையில் மே மாதம் நான்காம் தேதி காலை ஏழு மணிக்குக் கடல் உறைந்தது. கனம் நான்கு அங்குலம். இரண்டாயிரம் மைல் வடக்கே, எங்கள் நௌயாட் கிராமத்து வானொலியில் ஊலாயூ ஆறரைக்கே அதைச் சொல்லியிருந்தாள். எங்கள் விரிகுடாவின் பனிநிலையை வாசித்து முடித்துவிட்டு அதே குரலில், "லைல் வீட்டுச் சமையலறை, நாலு அங்குலம். அடுப்புப் பக்கம் விரிசல். நடக்க வேண்டாம்" என்றாள்.

லைல் தெற்கு நகரத்தில் கடற்பனி முன்னறிவிப்பு எழுதுபவன். அவன் அனுப்பும் தாளை எங்கள் மொழியில் வாசிப்பது ஊலாயூவின் வேலை. அந்த மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, விரிகுடா வாயில் பனி பிளப்பதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தும், திங்களன்று அனுப்பிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டான். புதுத் தாள் வராததால் சனிக்கிழமை ஊலாயூ பழையதையே வாசித்தாள்: பதினெட்டு அங்குலம், பயமில்லை. அவள் குரலை நம்பித்தான் அவள் கணவன் கியாட்சுக் சீல் வேட்டைக்குக் கிளம்பினான். பனிவண்டியோடு மூழ்கியவனின் ஒரு கையுறை மட்டும் கிடைத்தது.

சமையலறையில் பனி உடைந்து லைல் இடுப்புவரை இறங்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டான். வீடு மாறினான். அவள் புது முகவரியை வாசித்தாள். கடைசியில் தொலைபேசியில் அழைத்தான்.

"தெரியாம நடந்துபோச்சு ஊலாயூ. மன்னிச்சிடுங்க."

"படத்தைப் பாத்தீங்கல்ல?"

"திங்கக்கிழமை அனுப்பிக்கலாம்னு..." என்று இழுத்தான்.

"நான் உங்கள மாதிரி இல்ல லைல். தினமும் நேரத்துக்குச் சொல்லிடுறேன். கேட்டு நடந்தா பொழச்சுக்குவீங்க."

அன்றிலிருந்து அவன் கணினியில் எங்கள் வானொலியைக் கேட்டான். எங்கள் மொழியில் எண்களையும் திசைகளையும் கற்றுக்கொண்டான்.

கியாட்சுக்கின் தம்பி பிட்சுலாக்குக்கே மனம் பொறுக்கவில்லை. "போதும் அண்ணி. நடுங்கிக்கிட்டே கெடக்கானாம்."

"நடுங்குறவன் உசுரோட இருக்கான்" என்றாள் அவள்.

மறு மார்ச்சில், அதே வெள்ளி முதல் ஞாயிறு வரை, லைல் வீட்டைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் சாப்பாட்டு மேசைமேல் ஏறி மூன்று நாள் உட்கார்ந்திருந்தான். கீழே பனி முனகிக்கொண்டே இருந்தது. திங்கள் காலை ஆறரைக்கு ஊலாயூ வாசித்தாள்: "லைல் வீடு. மூணு நாளும் ரெண்டடி கனம். தாராளமா நடந்திருக்கலாம்."

ஒன்பது வருடமாயிற்று. எங்களுக்கு வரும் தாள் ஒருநாளும் பிந்துவதில்லை. அவளும் வாசிப்பை நிறுத்தவில்லை. லைல் வீட்டுக் கதவைத் தட்டும் தபால்காரர், "இன்னிக்கு எவ்ளோ சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கிறார்.