பாதிக் கம்பி

அண்ணி வளர்த்த வாத்து சில நாள் முட்டைமேல் உட்கார்ந்துவிட்டு, ஒரு காலையில் குளத்துப் பக்கம் போனது. போனது போனதுதான். முட்டைகளை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு நரம்பு ஓடியது.

“உயிர் வந்தாச்சு. இனி எப்படிங்க விடறது?” என்றாள் அண்ணி.

பேக்கரி வைத்திருந்த அண்ணன், முட்டைகளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்துவிட்டார். பஸ் ஓட்டும் தம்பி, பொரிப்புப் பெட்டி செய்யக் கிளம்பினான். கோழிப்பண்ணை நண்பனிடம் ஒரே அளவில் இரண்டு சூட்டுக் கம்பிகள் வாங்கி, ஒன்றை மரப்பெட்டிக்குள் பொருத்தி சுவிட்சைப் போட்டான். வெப்பமானி நாற்பதைத் தாண்டி எகிறியது.

“சூடு ஜாஸ்தி. கம்பியைப் பாதியாக்கினா சூடும் பாதியாகும்” என்று தனக்குத்தானே சொல்லி, கம்பியை நடுவில் வெட்டி, ஒரு பாதியை மட்டும் மாட்டினான். மறுபடி சுவிட்சைப் போட்டதும் கம்பி நெருப்பாய்ச் சிவந்தது. பலகை தீய்ந்த வாசனை கிளம்பவே, பதறிப்போய் அணைத்தான். முட்டை உள்ளே போகாதது யார் செய்த புண்ணியமோ!

மோட்டார் காயில் கட்டும் பட்டறையிலிருந்து அண்ணி அப்போதுதான் வந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த, கரன்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஒயரில் கவ்வவிட்டு, சுவிட்சைப் போட்ட வேகத்தில் அணைத்தாள்.

“ரெண்டு ஆம்ப் இழுக்குது. நம்ம லைன் எரநூத்தி முப்பது வோல்ட். வோல்ட்டை ஆம்பால வகுத்தா தடை. எவ்வளவு?”

“நூத்திப் பதினஞ்சு ஓம்.”

“வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கினா வாட். அதான் சூடு.”

தம்பி விரல் மடக்கினான். முகம் தொங்கிப்போனது. “நானூத்தி அறுபதா? முழுக் கம்பி இருந்தப்போ எவ்வளவு?”

“தடை இதுக்கு ரெண்டு மடங்கு, எரநூத்தி முப்பது ஓம். அதனால ஒரு ஆம்ப்தான் ஓடியிருக்கும். எரநூத்தி முப்பது வாட். நீங்க வெட்டினது கம்பியைத்தான் தம்பி, சூட்டை இல்ல. வழி நீளம் கொறஞ்சா கரன்ட் இன்னும் தாராளமா ஓடும்.”

அடுப்போரத்திலிருந்து அண்ணன் கத்தினார்: “வாத்து மடையா! எனக்குக் காலு மரத்துப்போச்சுடா!”

“வாத்தை எதுக்குங்க திட்டறீங்க?” என்றாள் அண்ணி.

தம்பிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த வாயோடு சட்டென்று நிமிர்ந்தான். “அப்போ நீளத்தைக் கூட்டணும்! வெட்டின ரெண்டு துண்டையும் சேர்த்து, அந்த இன்னொரு கம்பியையும் வரிசையா மாட்டினா? நானூத்தி அறுபது ஓம். அரை ஆம்ப். நூத்திப் பதினஞ்சு வாட்!”

“இப்ப நீங்க என் கொழுந்தன்.”

இருவரும் சேர்ந்து இறுக்கி முறுக்கி இணைத்தார்கள். வெப்பமானி மெல்ல ஏறி, முப்பத்தேழரையை ஒட்டி நின்றது. மூடியைக் கொஞ்சம் திறந்தும் மூடியும் அதை அங்கேயே பிடித்து வைத்தார்கள். அண்ணன் முட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கிவிட்டு, எழுந்து காலை உதறிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வாரக்கணக்கில் முறை வைத்து முட்டைகளைப் புரட்டினார்கள். ஒரு விடியலில் ஓடு கீறும் சத்தம் கேட்டு மூடியைத் திறந்தவன் தம்பி. ஈரமாய் வெளிவந்த குஞ்சு முதலில் பார்த்த முகம் அவனுடையது. அடுத்தடுத்து வந்தவையும் அவனைத்தான் தாய் என்று முடிவு செய்தன.

ரோமம் காய்ந்ததும் அவன் போகுமிடமெல்லாம் பின்னாலேயே வரிசை கட்டின. அன்று டிப்போவுக்கு அவன் தாமதமாகத்தான் போனான். காரணம் கேட்டவர்களிடம், “பிள்ளைங்க விடமாட்டேங்குதுங்க” என்றான் வாயெல்லாம் பல்லாக.