'செய்ய' என்ற சொல்லுக்குப் பிறகு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மலேசியாவில், ஈப்போ பக்கத்துச் சிலிபினில் என் பக்கத்து வீட்டுக் கலாதேவி போன மாதம் வேலியோரம் நின்று கேட்ட ஒரு கேள்வியிலிருந்து எடுத்தது.

"அக்கா, நீங்க எழுதுறவங்கதானே? 'செய்ய'ன்னு ஒருத்தர் எழுதி நிறுத்திட்டா, அடுத்து என்ன வரும்?"

"செய்யலாம்" என்றேன், யோசிக்காமல்.

அவள் முகம் சுண்டிப்போனது. ஏன் என்று கேட்டுத்தான் மீதியெல்லாம் தெரிந்துகொண்டேன். (தெரிந்த பிறகும் குழப்பம் தீரவில்லை. தீர்ந்திருந்தால் கட்டுரை எழுதியிருப்பேன்.)

2

இந்தக் கதையை நான் முதலில் எழுதத் தொடங்கியது இப்படி: 'ரப்பர் தோட்டத்தில் பால் வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு நடந்தவர்களைப் போல, எண்களும்...'

அடித்துவிட்டேன். கலாதேவி பால்மரம் சீவியவள் அல்ல. ஈப்போவில் சிப் சோதிக்கும் இஞ்சினியர். அவள் சொன்னதையே போடுகிறேன்.

"பேசுற ஏஐ மாடல் ஒவ்வொரு சொல்லு சொல்லவும், அதோட எண்ணு அத்தனையையும் மெமரியில இருந்து தூக்கிட்டு வரணும்க்கா. அடுத்த சொல்லுக்கு மறுபடியும் மொதல்ல இருந்து. கணக்கு போட நேரமே ஆகாது, போக்குவரத்துலதான் நேரம் போகுது. சமைக்கிறவன் ஒவ்வொரு தட்டுக்கும் சாமான் ரூமுக்கு நடக்கிற மாதிரிலா. நாங்க புது சிப்புல அடுப்பையே சாமான் ரூமுக்குள்ள வச்சுட்டோம்."

3

அவள் கணவர் ஜெயபாலன் சிலிம் ரிவருக்குப் பஸ் ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் தொண்டையில் புற்றுநோய்; குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு ஒரு சின்னப் பெட்டியில் இரண்டு மூன்று எழுத்து தட்டுவார். பெட்டிக்குள் இருக்கும் மாடல் எதிரில் இருப்பவர் பேச்சையும் கேட்டு வாக்கியத்தை முடித்து, அவருடைய பழைய குரலிலேயே பேசும். ஒன்பது விநாடி ஆகும். அதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். அவருடைய கிண்டல் ஆளில்லாத நேரத்தில் வந்து விழும். தங்கை மகன் நிச்சயதார்த்தத்தில் பெட்டியை அவர் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

கலாதேவி மேலதிகாரியிடம் கேட்டு, சோதனைக்கு வைத்திருந்த புது சிப் ஒன்றைக் கொண்டுவந்தாள். கூட வேலை செய்யும் ரூபன் வந்து அதை வேறொரு பெட்டியில் பொருத்தினான். விரல் அரை விநாடி நின்றால் பேசிவிடும்படி வைக்கச் சொன்னவர் ஜெயபாலன்தான்.

"பேசிப் பாருங்கண்ணே" என்றான் ரூபன். "சும்மா ஏதாச்சும் சொல்லுங்க. நேத்து மழை பத்தி, இல்ல..."

"நீ வாய மூடினாத்தானேடா நான் பேச" என்றது பெட்டி, உடனே.

எல்லோரும் சிரித்தார்கள். கலாதேவி அடுக்களைக்குப் போய் அழுதாள்.*

* "அழுவலக்கா, தேத்தண்ணி கலக்கினேன்" என்கிறாள். இரண்டும் இருக்கட்டும்.

4

கட்டி திரும்பி வந்தது. மருத்துவமனையில் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "இன்னொரு ஆபரேஷன் செய்யலாம். அதுக்கப்புறம் வாயால சாப்பிட முடியாமப் போகலாம். என்ன சொல்றீங்க?"

ஜெயபாலன் தட்டினார்.

"செய்யலாம் டாக்டர். தேதி குடுங்க" என்றது அவர் குரல்.

டாக்டர் தேதி எழுதினார். ஜெயபாலன் பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார். காரில் அவள் "நெஜமாவே சரியாங்க?" என்று கேட்டாள். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வெளியே சுண்ணாம்புக் குன்றுகள் வெயிலில் (வேண்டாம். அவள் குன்றைப் பார்க்கவில்லை.)

மறுநாள் அவள் பெட்டியின் பதிவைத் திறந்தாள். அவர் தட்டியிருந்தது 'செய்ய' மட்டும். அங்கே விரல் நின்றிருக்கிறது. செய்யலாம் என்று வந்திருக்கலாம். செய்ய வேண்டாம் என்றும் வந்திருக்கலாம். நம் மொழியில் மறுப்பு கடைசியில்தானே வருகிறது?

5

மெமரிக்குள்ளேயே கணக்குப் போட்டால் சூடாகும். சூட்டில் எண் பிசகலாம். அதுவாக இருக்கும் என்று நம்பினாள். சிப்பைக் குளிரவைத்து அதே கேள்வியையும் அதே எழுத்தையும் கொடுத்தாள்: செய்யலாம். பழைய மெதுவான பெட்டியிலும் கொடுத்தாள்: செய்யலாம்.

"தப்பு இருந்திருந்தா நிம்மதியா இருந்திருக்கும்க்கா. சிப் சரியாத்தான் இருக்கு. பழசுல ஒம்பது விநாடி இருந்துச்சு, அழிச்சிருப்பாரு. அத நான்தானே எடுத்தேன்?"

"அவருகிட்டயே கேளேன்."

"பயமா இருக்கு. பெட்டி சொன்னதுதான் எனக்கும் வேணும்."

6

இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் அவர் சம்மதித்திருந்தார். மற்றதில்... இரண்டையும் அவளிடம் படித்துக் காட்டினேன். "ரெண்டும் இல்ல" என்றாள்.

நடந்தது இதுதான். ஞாயிறு மத்தியானம் பெட்டியை அணைத்துவிட்டு, ஒரு தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள். "அன்னிக்கு என்ன சொல்ல வந்தீங்க? எதுவா இருந்தாலும் எழுதுங்க."

ஜெயபாலன் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் எழுதினார்: 'நானே முடிவு பண்ணல, கலா. அதுக்குள்ள அது பேசிடுச்சு. ஒன்னய யாருமே கேக்கல. ஒனக்கு என்ன வேணும்?'

எழுதிவிட்டுத் தாளை அவள் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார்.

அவள் என்ன எழுதினாள் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆபரேஷன் தேதி புதன்கிழமை, இன்று திங்கள். முன்பு ஒருமுறை யோசிக்காமல் ஒரு சொல்லை முடித்துக் கொடுத்தவள் நான். இந்த முறை மாட்டேன். பேனா உங்கள் பக்கம் நீண்டிருக்கிறது. யோசித்து எழுதுங்கள்.